ஒரு கிலோமீட்டர் விதி

கல்வி உரிமைச் சட்டத்துக்கான தன் விதிகளை மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரி 9 அன்று திருத்தியது. ஒரு தனியார் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடம் தரும் கடமையிலிருந்து அந்தத் தனியார் பள்ளிக்கு விலக்கு என்றது திருத்தம். நகரத்தில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்குள் ஏதோ ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கும். ஆகவே விலக்கு என்ற பெயரில் ஒதுக்கீடே ஏறக்குறைய இல்லாமல் போனது.

புனேயின் மேற்கு ஓரத்தில் இருக்கும் வாகட்டில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. 1997இல் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட கிராமம் இது. பக்கத்து ஹிஞ்ஜவடியில் ஐடி பூங்கா வந்தபின் வயல்கள் அடுக்குமாடிகளாயின. தமிழ்க் குடும்பங்களும் நிறையக் குடியேறின. அடுக்குமாடிப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த மாடிகளைக் கட்டுகிறவர்கள், காவல் காக்கிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஆகியோருடைய பிள்ளைகள் அதே பேருந்தில் ஏறுவதற்கு இருந்த ஒரே வழி அந்த 25 சதவீதம்தான்.

அரசு எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கும்போது தனியார் பள்ளிக்கு ஏன் கட்டணத்தை ஈடுகட்ட வேண்டும்? அந்த ஈட்டுத்தொகை ஆண்டுக்கணக்கில் பாக்கி என்று தனியார் பள்ளிகள் முறையிட்டுக்கொண்டிருந்தன. ஒதுக்கீட்டிலும் ஓட்டைகள் உண்டு. எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் அதே பிள்ளைக்கு முழுக் கட்டணச் சீட்டு வருகிறது. சீருடை, பேருந்து, ஆண்டு விழா என்று பள்ளி கேட்கும் உதிரிச் செலவுகள் தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்பில் அக்கறையுள்ள பெற்றோரை அரசுப் பள்ளியிலிருந்து கிளப்பிக்கொண்டு போகிறது இந்த ஏற்பாடு. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியர் ஏன் வரவில்லை என்று தட்டிக்கேட்டிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கேள்வி சரி, விடை தவறு. அருகமைப் பள்ளி என்பதைக் கோத்தாரி குழு (1964–66) பொதுப் பள்ளி முறையின் ஒரு பகுதியாகத்தான் சொன்னது. அதிகாரி வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளி பிள்ளையும் ஒரே பள்ளியில் படிப்பார்கள் என்பது அதன் உயிர். மகாராஷ்டிர விதியோ அடுக்குமாடியில் இருக்கும் பொறியாளரின் தெரிவைத் தொடவே இல்லை. தெருவோரம் குடியிருப்பவரின் தெரிவை மட்டும் பறித்தது. பறித்ததற்கு ஈடாக அந்த அரசுப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆய்வகம், ஒரு கழிப்பறை தருவதாகக்கூட அது சொல்லவில்லை. பெற்றோர் தங்கள் தீர்ப்பை உடனே சொல்லிவிட்டார்கள். முந்தைய ஆண்டு ஒரு லட்சம் இடங்களுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. விதி மாறி, அரசுப் பள்ளிகளையும் பட்டியலில் சேர்த்து இடங்கள் பல மடங்கு பெருகியபின் விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இந்த மாற்றம் சட்டமன்றத்தில் விவாதிக்கப்படவில்லை, அறிவிக்கையாக வந்தது. மும்பை உயர் நீதிமன்றம் மே 6 அன்று இடைக்காலத் தடை விதித்து, ஜூலை 19 அன்று விதியையே ரத்து செய்தது. நாடாளுமன்றச் சட்டம் தராத விலக்கை மாநில விதி தர முடியாது என்பதுதான் சாரம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைச் சட்ட அவையில் வைத்து, அது தோற்கும்வரை வாதாடியவர் புனேயின் கோபால கிருஷ்ண கோகலே. அவர் மண்ணில் இவ்வளவு பெரிய மாற்றம் அவைக்கே வராமல் நடந்தது என்னை உறுத்துகிறது.

அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை வரவைக்க வேறு வழி உண்டா? தமிழ்நாடு ஒன்றை முயன்றிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது. 2020 செப்டம்பரில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஒப்புதலுக்குக் காத்திருந்து, கடைசியில் அக்டோபர் 29 அன்று அரசாணையே போட வேண்டியிருந்தது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டே எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதே அளவு ஒதுக்கீடு விரிந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2022இல் மருத்துவ ஒதுக்கீட்டை ஏற்றது.

இங்கே கதவு எதுவும் அடைக்கப்படவில்லை. அரசுப் பள்ளியில் படித்தால் ஒரு பலன் உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதையும் முழு மருந்தாக நான் நினைக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளை அது வெளியே நிறுத்திவிட்டது; அவர்கள் குறை நியாயமானது. ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு என்பதால், தொடக்கப் பள்ளியின் ஓராசிரியர் வகுப்பறையை அது தொடுவதில்லை. பலன் சிலருக்குத்தான்; அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களோ பல லட்சம்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் தமிழ்நாட்டு வழிதான் என்பேன், தயங்காமல். ஆனால் மகாராஷ்டிரத்தில் இப்போது செய்ய வேண்டியதற்குப் புதிய மசோதாகூடத் தேவையில்லை. 25 சதவீதச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பதிவு செய்த ஒப்பந்தம் காட்ட வேண்டும். வாகட்டில் கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருக்கும் குடும்பத்துக்கு எந்த உரிமையாளர் ஒப்பந்தம் பதிவு செய்து தருவார்? மேஸ்திரியின் கடிதத்தையோ, குழந்தையின் அங்கன்வாடிப் பதிவையோ முகவரிச் சான்றாக ஏற்கலாம். கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் அடுத்த சேர்க்கைக்கு முன்பே இதைச் செய்துவிட முடியும்.