பதினோரு மில்லிமீட்டர்

ஜி.பி. ரோட்டில் கார் வேகம் குறைந்தாலே போதும், நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைத்தான் சொல்கிறேன். முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு நொடி யோசிப்பார். சீட் கவர், ஹாரன், ரிவர்ஸ் கேமரா, மேட் என்று கூவுகிற அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் என் பழைய கொரோலாவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். "சார், இந்தச் செட்டையா இன்னும் வச்சிருக்கீங்க? பத்து இன்ச் ஸ்க்ரீன் போட்டுரலாம் சார். ஒரு மணி நேர வேலை. கப்ளரை வெட்டிட்டு நேரா ஒயரை முறுக்கிரலாம்."

வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

நான் தேடிப் போனது அந்தச் சாலையின் பின்சந்து ஒன்றில் இருக்கும் பாயை. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மேசை, ஒரு ஈயப்பற்று ஊசி, ஆணியில் தொங்கும் ஒயர்க் கொத்துகள், அவ்வளவுதான். கார் ஸ்டீரியோ மாட்டுவது ஒரு கலை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் வேலை செய்வதை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

காரைப் பற்றி இரண்டு வார்த்தை. 2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்ற கொரோலா. பெங்களூருக்கு அருகே பிடதியில் செய்தது. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இன்றைக்கும் காலையில் முதல் சாவிக்கே எழுந்துவிடும். கிழடு தட்டியது பாட்டுப் பெட்டிக்கு மட்டும். சிடியின் லேசர் கண் மங்கிப் போய், வட்டை விழுங்கிவிட்டு யோசித்துக்கொண்டே இருக்கும். ஒலிக் குமிழைத் திருகினால் கரகரக்கும். போனில் இருக்கும் பாட்டைக் கொண்டுவர, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். சென்னையில் அதற்குக் காலி அலைவரிசை கண்டுபிடிப்பது தி.நகரில் பார்க்கிங் தேடுவது மாதிரி. 93.5இல் ஒருவர், 98.3இல் ஒருவர், 101.4, 106.4 என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, இடையில் நம் பாட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டு மூக்கால் பாடும்.

பாய் காரைப் பார்த்ததும் செட்டைத் தொடவில்லை. "காலையில பத்து மணிக்கு மேல வாங்க. வரும்போதே வெயில்ல நிறுத்தி வச்சிட்டு வாங்க" என்றார். காரணம் மறுநாள் புரிந்தது. பதினைந்து வருஷ வெயில் தின்ற டேஷ்போர்டு பிளாஸ்டிக், குளிர்ந்திருக்கும்போது அப்பளம். சூடேறினால் கொஞ்சம் நெகிழும், கிளிப்புகள் உடையாமல் விட்டுக்கொடுக்கும். அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிப் போன ஒரு மூங்கில் பத்தை. நடுப் பேனலின் விளிம்பில் அதைச் செருகி, ஒரு முனையிலிருந்து மெல்ல நெம்பினார். டக், டக் என்று ஒவ்வொரு கிளிப்பாக விடுபட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்திவிட்டு அடுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். பலாப்பழம் அறுக்கிறவர் சுளையைத் தேடுவது போல.

பேனல் வந்ததும் உள்ளே நான்கு போல்ட்டுகள், 10 மில்லிமீட்டர் தலை. கழற்றினால் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையோடு பழைய செட்டு முழுசாக வெளியே வந்தது. பின்னால் இரண்டு கப்ளர்கள், பத்து முனை ஒன்று, ஆறு முனை ஒன்று. ஜி.பி. ரோட்டுப் பையன் வெட்டத் துடித்தது இவற்றைத்தான்.

இங்கே ஒரு அளவுக் கதை சொல்ல வேண்டும். காரில் பாட்டு கேட்கும் ஆசை கிட்டத்தட்ட காரளவுக்கே பழையது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் கம்பெனி செய்த கார் ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி இசைத்தட்டையே டேஷ்போர்டுக்கு அடியில் சுழலவிட்டது. மேடு பள்ளத்தில் ஊசி என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நம் ஊர்ச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1984இல் பயனியர் காருக்கான முதல் சிடி பிளேயரைக் கொண்டுவந்தது. இத்தனை வகைப் பெட்டிகளுக்கும் பொதுவான ஒரு பொந்து வேண்டும் என்று ஜெர்மானியத் தர நிறுவனம் ஒரு அளவை வகுத்தது. அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்தான் நம் கடைக்காரர்கள் வாயில் புழங்கும் 'டின்'. அகலம் 178 மில்லிமீட்டர், உயரம் 50. இரட்டை டின் என்றால் உயரம் மட்டும் 100 ஆகும். உலகத்தில் விற்கும் மாற்றுச் செட்டுகள் பெரும்பாலும் இந்த அளவுதான்.

டொயோட்டாவின் பொந்து 200க்கு 100.

ஆக, புதுச் செட்டை நடுவில் வைத்தால் இடது பக்கம் 11 மில்லிமீட்டர், வலது பக்கம் 11 மில்லிமீட்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் பல் விழுந்த குழந்தை சிரித்தால் கண் எங்கே போகும்? அங்கேயேதான் போகும். எத்தனையோ பழைய டொயோட்டாக்களில் இந்த இடைவெளியைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். ஒன்றில் பார்க்கிங் சீட்டு செருகியிருந்தது. இதற்கென்றே பக்கப் பட்டைகள் விற்கிறார்கள். பாயும் வாங்கி வைத்திருந்தார். ஆனால் அந்தப் பட்டை பளபளவென்று இருந்தது, என் டேஷ்போர்டோ வெளுத்து, சொரசொரப்பேறிய சாம்பல். அவர் மெல்லிய உப்புத்தாளை எடுத்துப் பட்டையைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்ப்பார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், டேஷ்போர்டு பக்கத்தில் வைப்பார், மறுபடி தேய்ப்பார். முக்கால் மணி நேரம். மொத்தம் 22 மில்லிமீட்டருக்கு.

"யார் பாய் இதைப் பாக்கப் போறா?" என்றேன்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே சார் தேய்க்கிறேன்" என்றார்.

நான் வாங்கிப் போயிருந்தது திரை இல்லாத இரட்டை டின் செட்டு. நடுவில் ஒரு பெரிய குமிழ், கீழே ஆறு பொத்தான்கள், புளூடூத், யுஎஸ்பி. கடையில் இதைக் கேட்டபோது, சைக்கிள் கடையில் மாட்டு வண்டிச் சக்கரம் கேட்டவனைப் போலப் பார்த்தார்கள். எனக்குத் தொடுதிரைமேல் பெரிய வெறுப்பு இல்லை, ஓட்டும்போதுதான் வெறுப்பு. கிண்டி கத்திப்பாராவில் வளைந்துகொண்டிருக்கும்போது ஒலியைக் குறைக்கக் கண்ணாடிப் பரப்பில் ஒரு புள்ளியைத் தேட முடியாது. குமிழ் என்றால் கை தானாகப் போகும், விரல்கள் எல்லையை உணரும், கண் சாலையிலேயே இருக்கும். தவிர, 2000களின் டேஷ்போர்டில் பத்து அங்குலத் திரையை நிறுத்துவது, பட்டுப் புடவை கட்டிய பாட்டிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவது. படம் எடுக்க நன்றாக இருக்கும்.

பழைய செட்டின் இரும்புப் பட்டைகளை பாய் புதியதில் மாட்டினார். ஜப்பானியக் கம்பெனிச் செட்டுகளின் விலாவில் டொயோட்டா, நிசான் பட்டைகளுக்கென்றே திருகுத் துளைகள் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. பட்டையை வைத்ததும் துளைக்குத் துளை அப்படியே உட்கார்ந்தது. வேறு வேறு தொழிற்சாலையில் பிறந்த இரண்டு இரும்புகள் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கிற சுகத்தை, மாவரைக்கும் கல்லில் குழவி சரியாக உட்கார்வதைப் பார்த்தவர்களுக்குத்தான் சொல்ல முடியும்.

பிறகு ஒயர். காரின் கப்ளரை வெட்டாமல், அதில் செருகுகிற எதிர்க் கப்ளர் ஒன்றை எடுத்து, புதுச் செட்டின் ஒயர்களை அதனோடு மேசைமேலேயே இணைத்தார். காருக்குள் ஈயம் காய்ச்சுவதில்லை என்பது அவர் விரதம். ஒரு சொட்டு சீட்டில் விழுந்தால் போச்சு. மாற்றுச் செட்டுகளின் நிறங்கள் அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றேதான்: மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம், சிவப்பு சாவி திருகினால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது எதிர்முனை. காரின் ஒயர்களுக்கோ தனி நிற மொழி. நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். நண்பர் ஒருவரின் காரில் எங்கோ ஒரு கடையில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட்டுக்கு மறதி வந்துவிடும், கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். அவர் ஆறு மாதம் தினமும் ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் ஒயரின் நேர்முனை எது, எதிர்முனை எது என்று சோதிக்க பாய் எடுத்த கருவி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒரு பென்சில் பேட்டரி. ஒயர் முனைகளில் அதை ஒரு கணம் தொட்டால் கதவுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் தலைகீழ். வலை கழற்றிய கதவருகே என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் பாட்டு நின்றுவிடாது, பாடத்தான் செய்யும். ஆனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒலி ஒன்றையொன்று தின்று மெலிந்துவிடும், பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் காருக்குள் அலையும். பல பேர் இந்தக் குறையோடு வருஷக்கணக்காக ஓட்டிவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுகிறார்கள்.

இணைப்புகள் ஒவ்வொன்றையும் முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டிச் சுருக்கினார். கடைசியில் மொத்தக் கொத்தையும் துணி டேப்பால் சுற்றினார். பிளாஸ்டிக் டேப் வெயிலில் பசை விடும், பள்ளத்தில் இறங்கும்போது டேஷ்போர்டுக்குள் கடகடவென்று தட்டும். துணி டேப் தட்டாது. யுஎஸ்பி ஒயரைக் கையுறைப் பெட்டிக்குள் இறக்கினார். போன் பேசுவதற்கான மைக், ஸ்டீயரிங் தண்டின்மேல் ஒரு மிளகு அளவுக்கு உட்கார்ந்தது.

பெட்டியில் 50 வாட் × 4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அவரிடம் காட்டினேன். சிரித்தார். கணக்கு எளிது. ஓடுகிற காரில் 14.4 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அதை 4 ஓம் ஸ்பீக்கருக்கு அப்படியே கொடுத்தாலும், அலை சிதையாமல் கிடைப்பது 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 22 வாட் அளவுதான். நல்ல கம்பெனிகள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் பழைய செட்டைவிடக் கேட்க நன்றாக இருப்பதற்கு வாட் காரணமில்லை. செட்டுக்குள் இருக்கும் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். கதவு ஸ்பீக்கர் தூக்க முடியாத அடி ஒலிகள் அதற்குப் போகாமல் தடுக்கப்பட்டன. உடனே அது மூச்சு வாங்காமல் பாடியது. அடுத்து தாமதக் கணக்கு. ஓட்டுநருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் அரை மீட்டருக்கு மேல் தள்ளி. ஒலி ஒரு மில்லி விநாடியில் போவது சுமார் 34 சென்டிமீட்டர்தான். ஆகவே வலதை ஒன்றரை, இரண்டு மில்லி விநாடி காக்க வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும்.

அவர் சோதிப்பது குத்துப் பாட்டில். நான் போட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்த ஆல்பத்தில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின், அதுவரை கதவுக் கைப்பிடிக்குக் கீழே எங்கோ கிடந்தது, எழுந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் டேஷ்போர்டின் நடுவே நின்றது. பாய் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேஸை ஒரு புள்ளி கூட்டினார். நான் குறைத்தேன். மறுபடி கூட்டினார். காரின் சொந்தக்காரன் நான் என்பதால் கடைசிக் குறைப்பு என்னுடையது.

மாலை ஆகிவிட்டது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். இதற்காகத்தான் இருட்டும்வரை காத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. புதுச் செட்டின் பொத்தான் வெளிச்சம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நீலமாக, பரோட்டா கடை டியூப்லைட் மாதிரி எரிந்தது. நிறம் மாற்றும் வசதிக்குள் போய், சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, ஏசி குமிழைச் சுற்றி எரியும் அந்தப் பழைய வெளிச்சத்தின் பக்கத்தில் கொண்டுவந்தார். வயசான பல்புகளின் வெளிச்சத்துக்குப் பெயர் எதுவும் பொருந்தாது. ஏழெட்டு முறை போய் வந்த பிறகு இரண்டும் ஒன்றாயின. ஹெட்லைட் போட்டால் செட்டின் வெளிச்சத்தை மங்க வைக்கும் ஒயரையும் இணைத்திருந்தார், இரவில் கண் கூசவில்லை.

பழைய செட்டைத் துடைத்து, கப்ளர் மூடி போட்டு, செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்தார். "எப்ப வேணும்னாலும் திருப்பி மாட்டிக்கலாம் சார். ஒரு ஒயர்கூட வெட்டல." கூலி கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். மறுக்கவில்லை, எண்ணியும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மயிலாப்பூர் அழைத்துப் போனேன். ஏறி உட்கார்ந்தவள் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே, எப்போதும் போல வலது கையைப் பார்க்காமல் நீட்டி, குமிழைத் திருகி ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள். அடையாறு பாலம் ஏறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்:

"ஏண்டா, ரேடியோவைத் தொடச்சியா? இன்னிக்குக் கரகரன்னு இல்லையே."