எட்டாம் நாளும் ஒரு தகப்பனும்

யூதக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்ததும் முதலில் பார்க்கப்படுவது பொழுது. சூரியன் இறங்குவதற்கு முன்பா, இருட்டிய பிறகா? யூத நாள் மாலையில் தொடங்குவதால் ஒரு மணி நேர வித்தியாசம் கணக்கையே மாற்றிவிடும். செவ்வாய்க்கிழமை பகலில் பிறந்த குழந்தைக்கு அடுத்த செவ்வாய்தான் எட்டாம் நாள். அதே செவ்வாய் இருட்டிய பின் பிறந்திருந்தால் அடுத்த புதன். அந்த எட்டாம் நாளின் பகலில் ‘பிரித் மிலா’ எனப்படும் விருத்தசேதனச் சடங்கு நடக்க வேண்டும். குழந்தைக்குப் பெயரும் அப்போதுதான். அது ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்தாலும், கடும் நோன்பு நாளான யோம் கிப்பூரில் வந்தாலும் தள்ளிப்போடுவதில்லை. சிசேரியனில் பிறந்த குழந்தைக்கானால் அந்த நாட்களுக்குப் பதில் இன்னொரு நாள்.

இந்தக் கணக்கு யாருடைய தலையில் விழுகிறது? தகப்பன் தலையில். விருத்தசேதனம் செய்யும் மோஹெலைத் தேடிப் பிடிக்க வேண்டும். சடங்கின்போது குழந்தையை மடியில் வைத்திருக்கும் ‘சண்டக்’ யார் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது தாத்தாக்களில் ஒருவர். இடம், விருந்து, உறவினர்களுக்குச் சேதி எல்லாம் பார்க்க வேண்டும். சேதி சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சடங்கின் விருந்துக்கு அழைப்பு வந்த பின் போகாமல் இருப்பது பெரிய குற்றமாகக் கருதப்படுவதால், மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கெனாஸி யூதர்கள் ‘வாருங்கள்’ என்று அழைப்பதில்லை. இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்வார்கள். யாரையும் தர்மசங்கடத்தில் நிறுத்தாத நாகரிகம் இது.

இதற்கிடையில் வரும் முதல் வெள்ளி இரவில், சாப்பாடு முடிந்த பிறகு, அக்கம்பக்கத்தார் வீடு தேடி வருவார்கள். வேகவைத்து மிளகுத்தூள் தூவிய கொண்டைக்கடலை, பீர், பாட்டு. அஷ்கெனாஸி வழக்கத்தில் இதற்கு ‘ஷலோம் ஸகார்’ என்று பெயர்.

உலகின் பல சமூகங்களில் பிரசவம் என்றால் ஆண் ஆஸ்பத்திரி வராந்தாவில் கைகட்டி நிற்பவன். மருந்துச் சீட்டை வாங்கி ஓடுவதோடு அவன் வேலை முடிந்துவிடும். யூத மரபு அந்த மனிதனுக்கு ஒரு தேதியைக் கொடுக்கிறது. ஒரு கடமையைக் கொடுக்கிறது. பலர் முன்னிலையில் உரக்கச் சொல்ல வேண்டிய வாசகத்தையும் கொடுக்கிறது. இந்த மரபின் ஆகப் பெரிய பலம் இதுதான். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் கித்துஷீன் பகுதி, மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது: விருத்தசேதனம் செய்விக்க வேண்டும், தலைப்பிள்ளை என்றால் மீட்க வேண்டும், யூத வேதமான தோரா கற்பிக்க வேண்டும், மணம் முடித்து வைக்க வேண்டும், தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்று சிலர் சேர்க்கிறார்கள். ஆற்றோடு போய்விடாமல் பிழைக்கவும், சொந்தக் கையால் சம்பாதிக்கவும் பிள்ளையைத் தயார்செய்வது மதக் கடமையின் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பட்டியலின் முதல் படி எட்டாம் நாள்.

சடங்கைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தாயிடமிருந்து ஒரு பெண்மணி குழந்தையை வாங்கித் தன் கணவரிடம் தருவார். இந்தப் பேறு பெரும்பாலும் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்குத் தரப்படும். குழந்தை உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எலியா தீர்க்கதரிசிக்கென்று போடப்பட்ட தனி நாற்காலியில் ஒரு கணம் வைத்து எடுப்பார்கள். பிறகு சண்டக்கின் மடி. மோஹெலின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் மகனைக் கொண்டுவரக் கட்டளை தந்தவனைப் போற்றித் தகப்பன் ஆசிமொழி சொல்ல, கூடியிருப்பவர்கள் தோரா, திருமணம், நற்செயல் மூன்றுக்குள்ளும் இவன் நுழையட்டும் என்று பதில் வாழ்த்துச் சொல்வார்கள். திராட்சரசத்தின் மீது ஆசி கூறிப் பெயரை அறிவிக்கும்போது குழந்தையின் வாயில் ஒரு துளி வைக்கப்படும். அஷ்கெனாஸிகள் இறந்துபோன முன்னோரின் பெயரை வைப்பார்கள். ஸ்பெயின் மரபில் வந்த செஃபர்தி குடும்பங்கள் பலவற்றில் உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரையே வைப்பார்கள்.

எலியாவின் நினைவு நம் நாட்டுக்கும் தொடர்புடையது. கொங்கணக் கரையின் பெனெ இஸ்ரேல் யூதர்கள் மற்ற யூதர்களோடு தொடர்பற்றிருந்த நூற்றாண்டுகளிலும் விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் விடவில்லை. வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது அவலில் தேங்காயும் சர்க்கரையும் கலந்து, பழங்களோடு தட்டில் வைத்து, எலியாவை நினைத்துப் பாடும் ‘மலீதா’ அவர்களுடையது. புத்தகங்கள் கைவிட்டுப்போன இடத்திலும் தகப்பன்மார் எட்டாம் நாளை மறக்கவில்லை என்பது இந்த மரபின் உறுதிக்குச் சான்று.

அந்த உறுதி குருட்டுப் பிடிவாதமாகிவிடாமல் மரபே ஒரு வேலியும் போட்டிருக்கிறது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால், காய்ச்சல் வந்தால், மோஹெல் கத்தியைத் தொடக் கூடாது. உடல் முழுவதையும் பாதிக்கும் நோய் என்றால், குணமான பிறகும் முழுதாக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் விருத்தசேதனத்தால் இறந்துபோயிருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று தல்மூதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இரத்தம் உறையாத பரம்பரை நோயை மருத்துவம் அடையாளம் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே குடும்ப வரலாற்றை வைத்து எழுதப்பட்ட விதி அது. குழந்தையின் உயிர் சடங்கைவிடப் பெரியது என்பது மரபுக்குள்ளேயே சட்டமாக இருக்கிறது. இனி வரும் விமர்சனங்களை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

முதல் விமர்சனம் குழந்தையின் உடலைப் பற்றியது. எட்டு நாள் சிசுவிடம் சம்மதம் கேட்க முடியாது. வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. இந்தக் கேள்வி யூதர்களுக்குள்ளிருந்தே எழுந்திருக்கிறது. 1843இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் சீர்திருத்தக்காரர்கள் இச்சடங்கு கட்டாயமா என்று கேட்டார்கள். யூத தேசிய இயக்கத்தைத் தோற்றுவித்த தியடோர் ஹெர்ஸல், 1891இல் பிறந்த தன் மகன் ஹான்ஸுக்கு விருத்தசேதனம் செய்விக்கவில்லை. நம் காலத்தில், 2012 மே மாதம், ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் வழக்கில், மதக் காரணத்துக்கான விருத்தசேதனம் உடற்காயம் விளைவிப்பதே என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பாவின் யூதர்களும் முஸ்லிம்களும் ஒருசேரக் கொதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம், மருத்துவ முறைப்படி செய்தால் அனுமதி என்று சட்டம் இயற்றியது. ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு, பயிற்சி பெற்ற மதப் பொறுப்பாளரும் செய்யலாம்.

தடை சரியான வழியாகாது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் தடை விதித்தபோது பிள்ளைகளுக்கு இதைச் செய்வித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு உள்ள சமூகத்தில் தடை என்ற சொல் அடக்குமுறையாகவே கேட்கும். சடங்கும் மருத்துவக் கண்ணுக்கு எட்டாத அறைகளுக்குள் போய்விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் சொன்னதும் கவனிக்கத்தக்கது: பயன்கள் ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை. முடிவு பெற்றோரிடம் இருக்கட்டும். ஆனால் வலியைக் குறைப்பது விருப்பத்துக்கு விடப்பட வேண்டியதல்ல. பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற பழைய எண்ணம் தவறு என்று மருத்துவம் கண்டுகொண்டுவிட்டது. மரத்துப்போக வைக்கும் களிம்பையோ ஊசியையோ பல மோஹெல்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். ஒரு துளி திராட்சரசம் போதும் என்று இருப்பவர்களும் உண்டு. சுவீடன் 2001இலேயே வலிநிவாரணத்தைச் சட்டமாக்கியது. மற்ற நாடுகள் அதைப் பின்பற்றுவதில் எந்த மத உணர்வும் புண்படாது.

இரண்டாவது விமர்சனத்துக்குச் சமாதானமே கிடையாது. தீவிர வைதிகரான சில ஹசிடிக் யூதச் சமூகங்களில் மோஹெல் காயத்தின் இரத்தத்தை நேரடியாகத் தன் வாயால் உறிஞ்சுகிறார். பெரியவர்களின் வாயில் சாதாரணமாக இருக்கும் ஹெர்பீஸ் கிருமி பிறந்த சிசுவைக் கொல்லக்கூடியது. நியூயார்க் நகரில் 2000 முதல் 2011 வரை இந்த வழியில் தொற்று வந்ததாகக் கருதப்படும் 11 குழந்தைகளை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தது. அவர்களில் 2 பேர் இறந்தார்கள். நகரச் சுகாதார வாரியம் 2012இல் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. சமூகத் தலைவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2015இல் அதுவும் கைவிடப்பட்டது. தல்மூதில் இரத்தத்தை உறிஞ்சச் சொன்னதே காயத்தால் ஆபத்து வரக் கூடாது என்பதற்காகத்தான். 19ஆம் நூற்றாண்டின் கண்டிப்பான வைதிகரான ரபி மோஷே சோஃபரே பஞ்சைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். இன்றைய வைதிக மோஹெல்கள் பலர் கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்புக்காகப் பிறந்த விதியை வைத்துக்கொண்டே குழந்தையை ஆபத்தில் தள்ளுவதை எந்தத் தகப்பனும் ஒத்துக்கொள்ளக் கூடாது. மோஹெலை அமர்த்தும் உரிமை அவனுடையது. குழாய் வைத்திருக்கிறீர்களா என்று முன்கூட்டியே கேட்பதும் அவன் கடமை.

இனி பிரசவ அறைக்கு வருவோம். வைதிக வீடுகளில் பிரசவம் நெருங்கிய கட்டத்திலிருந்து, இரத்தப்போக்கு நின்று, ஏழு சுத்தமான நாள் எண்ணி, மிக்வா குளத்தில் மனைவி முழுகும் வரை கணவன் அவளைத் தொடுவதில்லை. இது வாரக்கணக்கில் நீளும். குழந்தையைக்கூடக் கைக்குக் கை மாற்றாமல், ஒருவர் கட்டிலில் கிடத்த மற்றவர் எடுப்பது வழக்கம். கணவன் பிரசவ அறையில் இருக்கலாம், தைரியம் சொல்லலாம் என்று நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அனுமதித்தது பெரிய ஆறுதல். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, யாரும் உரிமை கொண்டாடி நெருங்க முடியாது என்பது இந்த விலகலின் நல்ல பக்கம். அதை மதிப்போடு சொல்லும் பெண்கள் உண்டு. ஆனாலும் வலியில் துடிப்பவளின் கையைப் பிடிக்க முடியாமல் நிற்பது இருவருக்கும் வேதனை. இளம் தந்தைக்கு இந்த மரபு வைக்கும் மிகக் கடினமான சோதனை எட்டாம் நாளில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

தலைப்பிள்ளை ஆண் என்றால் 31ஆம் நாள் ‘பித்யோன் ஹபென்’ என்ற மீட்புச் சடங்கு. வெள்ளித் தட்டில் குழந்தையைக் கிடத்தி, பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிச் சுற்றிலும் வைப்பார்கள். பூண்டும் சர்க்கரைக் கட்டியும் வைத்து, வந்தவர்களுக்குப் பகிர்வார்கள். புரோகித மரபில் வந்த கோஹென், பிள்ளை வேண்டுமா, ஐந்து வெள்ளி வேண்டுமா என்று தகப்பனைக் கேட்பார். தகப்பன் வெள்ளி நாணயங்களைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வான். பிள்ளை தனக்கு இயல்பாகக் கிடைத்த சொத்து என்ற நினைப்பை உடைக்கும் அழகான சடங்கு இது. ஆனால் தலைப்பிள்ளை என்பது தாயின் வயிற்றை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. சிசேரியன் என்றால் சடங்கு கிடையாது. இருந்தும் கேள்வியும் பதிலும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் முடிந்துவிடுகின்றன. சுமந்து பெற்றவள் வாய் திறக்க அதில் இடமில்லை.

மரபின் பெரிய குறை மகள் பிறந்த வீட்டில் வெளிப்படுகிறது. கொண்டைக்கடலை இல்லை, எலியாவின் நாற்காலி இல்லை, மீட்பு இல்லை. பிறப்புக்குப் பின் தோரா வாசிக்கப்படும் நாளொன்றில் தந்தை ஜெப ஆலயம் போய், தோராவின் முன் அழைக்கப்பட்டு, அங்கே பெயர் அறிவிக்கப்படும். பல வேளைகளில் தாயும் மகளும் வீட்டில் இருப்பார்கள். பெயருக்கு உரியவளே அந்த இடத்தில் இருக்கமாட்டாள். செஃபர்தி யூதர்களிடம் ‘ஸெவெத் ஹபத்’ என்று மகளை வரவேற்கும் வழக்கம் முன்பே இருந்தது. 1970களிலிருந்து அமெரிக்காவில் ‘சிம்ஹத் பத்’ கொண்டாட்டங்கள் பரவின. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றியபடி செய்வதால், மகனின் எட்டாம் நாளுக்கு உள்ள கனம் அதற்கு இன்னும் வரவில்லை. மகனின் தகப்பனுக்குக் காலம் கொடுத்த உறுதியான தேதி, மகளின் தகப்பனுக்குக் கிடைக்கவில்லை.

தாயின் பங்குக்கோ வேதத்திலேயே முன்னுதாரணம் உண்டு. யாத்திராகமத்தில் மோசே தன் மகனுக்கு விருத்தசேதனம் செய்யாமல் விட்டபோது, வழியில் தங்கிய இடத்தில் அதைச் செய்து முடித்தவள் அவன் மனைவி சிப்போராள். பெண்கள் செய்யலாமா என்று தல்மூது விவாதித்தபோது அவள் பெயர் வந்தது. அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1984 முதல் மருத்துவர்களை மோஹெல்களாகப் பயிற்றுவிக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஆக, தாயின் பங்கு இந்த மரபுக்கு அந்நியமானதல்ல, ஓரமாக வைக்கப்பட்டது.

வெள்ளி மாலையில் தகப்பன் இரு கைகளையும் பிள்ளையின் தலைமேல் வைத்து ஆசி சொல்லும் வழக்கம் ஏற்கெனவே மகனையும் மகளையும் சமமாக நடத்துகிறது: மகனுக்கு எப்பிராயீம், மனாசே பெயர்கள், மகளுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்கள். பிறந்த முதல் வெள்ளியிலிருந்தே அதைத் தொடங்கும் வீடுகள் உண்டு. பல வீடுகளில் இன்று தாயும் சேர்ந்து கை வைக்கிறாள். இதே மனதை எட்டாம் நாளுக்கும் கொண்டுவர வேண்டும். மகள் பிறந்தாலும் தேதியைக் குறிக்கட்டும், உறவுக்குச் சேதி சொல்லட்டும், எலியாவின் நாற்காலியை எடுத்துப் போடட்டும், தாயும் தந்தையும் அருகருகே நின்று அவள் பெயரை அறிவிக்கட்டும். மகளுக்குப் பெயர் சூட்ட இன்ன நாள், இன்ன இடம் என்று யூதச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை.