செய்தித் தமிழில் வினைமுற்றும் சார்பும்

செய்தி வேறு, கருத்து வேறு; இரண்டும் கலத்தலாகாது என்பது இதழியலின் அடிப்படை நெறியாகக் கொள்ளப்படுகிறது. மான்செஸ்டர் கார்டியன் இதழாசிரியர் சி. பி. ஸ்காட் 1921-ஆம் ஆண்டில், தம் இதழின் நூற்றாண்டையொட்டி எழுதிய கட்டுரையில் இதனை வலியுறுத்தினார். நாளிதழ்ச் செய்தியைப் பாடமாக்கும் ஆசிரியர்களும், அடைமொழிகளை நீக்கினால் எஞ்சுவது செய்தி என்றே பெரும்பாலும் கற்பிக்கின்றனர். தமிழுக்கு இவ்வளவுகோல் போதாது. அடைமொழி ஒன்றும் இல்லாத தொடரிலும் எழுதுவோரின் சார்பு வினைமுற்றின் ஈற்றில் வந்து அமர்ந்துவிடுகிறது.

'ஆடவன் கைது செய்யப்பட்டான்', 'ஆடவர் கைது செய்யப்பட்டார்' ஆகிய இரு தொடர்களும் தரும் தகவல் ஒன்றே. முன்னதில் மட்டும், வழக்கு நீதிமன்றம் செல்லுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மலாய் மொழியிலும் 'பெலியாவ்', 'டியா' என மதிப்பு வேறுபாடு உண்டு. ஆயினும் அங்கு வினைச்சொல் அதற்கேற்ப மாறுவதில்லை. பெயரையே மீண்டும் கூறிச் செய்தியாளர் ஒதுங்கிக்கொள்ளலாம். தமிழில் ஓர் ஆடவரைப் பற்றிய தொடரை முடிக்க 'ஆன்', 'ஆர்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுப்பார். வழக்கு என்றால் அங்குத் தேர்வுக்கு இடமுண்டு. தேர்வு உள்ள இடத்தில் கருத்தும் உண்டு.

முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் எஸ்.ஆர்.சி. வழக்கில் 2020 ஜூலையில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். இத்தொடரின் 'ஆர்' ஈறு எவரையும் உறுத்துவதில்லை, உறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால், கைப்பையைப் பறித்ததாகச் சந்தேகிக்கப்படும் ஒரு தொழிலாளி, பிடிபட்ட அன்றே 'கொள்ளையன்' ஆகி, 'ஓடினான்', 'சிக்கினான்' என எழுதப்படுவதை எங்ஙனம் விளக்குவது? குற்றத்தின் அளவு இங்கு அளவுகோல் அன்று. ஆளின் நிலையே அளவுகோல்.

கொலை செய்தவனுக்கு மரியாதை எதற்கு எனச் சிலர் வினவுவர். வினாவிலேயே 'செய்தவன்' என முடிவுகட்டிவிட்டதை அவர்கள் கவனிப்பதில்லை. மேலும், இன்றைய செய்தித் தமிழில் 'ஆர்' வழிபாடு அன்று, பொதுநிலை. சிங்கப்பூர், மலேசிய நாளிதழ்கள் குற்றச் செய்திகளில் 'ஆடவர்', 'சந்தேக நபர்' ஆகிய சொற்களைப் பரவலாக்கியுள்ளமை பாராட்டத்தக்கது. தலைப்பில் 'ஆடவர்' எனப்பட்டவர் மூன்றாம் பத்தியில் 'அவன்' ஆகிவிடும்பொழுதுதான் அப்பயன் கெடுகிறது.

'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்னும் வினைகளும் இவ்வகையில் ஆராயத்தக்கவை. கூறியது காவல்துறையா, அண்டைவீட்டாரா, அல்லது செய்தியாளரின் சொந்த ஊகமா என வாசகர் அறிய வழியில்லை. 'காவல்துறை கூறியது' என எழுத ஒரு சொல்லே கூடுதலாகத் தேவைப்படுகிறது.