சுருளுக்குள் ஒரு குழாய்

மேசைமேல் வைத்து ஒரு சின்ன ஆணியை உந்தும் மின்காந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, கம்பிச்சுருளுக்குள் ஆணி ஓடும், யாரும் கவனிக்காத அந்தக் குழாய்தான். செம்புக் குழாய் பளபளவென்று அழகாக இருக்கும். ஆனால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கித் தின்றுவிடும். 1834-இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்ன விதியின் விளைவு இது. நியோடிமியம் காந்தத்தைச் செம்புக் குழாய்க்குள் போட்டுப் பாருங்கள்: காந்தம் ஒட்டாத உலோகம்தான், ஆனாலும் காந்தம் அன்னநடை போட்டு இறங்கும்! அதனால் கண்ணாடிக்கும் அக்ரிலிக்குக்குமே என் ஓட்டு. சுவர் மெல்லியதாக இருக்கட்டும். சுருளுக்கும் ஆணிக்கும் இடைவெளி கூடினால் இழுவை குறையும். உலோகம்தான் கிடைத்ததென்றால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு வளையத்தை உடைக்கலாம்.

சுருளுக்கு மின்னோட்டம் தரும் மின்தேக்கியின் அழகு அதன் வேகத்தில். கேமரா ஃப்ளாஷில் இருக்கும் 330 வோல்ட், 120 மைக்ரோஃபாரட் உருளை சுமார் 6.5 ஜூல்தான் வைத்திருக்கும். அதைக் கண்ணிமைப்பதற்குள் கொட்டிவிடும். உள்மின்தடை குறைந்ததாகப் பார்த்து எடுப்பதே நல்ல தேர்வு. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும். மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.