டஸ்டி பேக்கரின் இரண்டு ஆறாவது ஆட்டங்கள்

2002 அக்டோபர் 26, அனஹைம். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான வேர்ல்ட் சீரிஸில் ஆறாவது ஆட்டம். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் தொடரில் 3-2, ஆட்டத்தில் 5-0 முன்னிலை. இன்னும் எட்டே அவுட் எடுத்தால் கோப்பை. ஏழாவது இன்னிங்ஸில் பிட்சர் ரஸ் ஓர்டிஸ் அடுத்தடுத்து இரண்டு பேரை அடிக்க விட்டதும் மேனேஜர் டஸ்டி பேக்கர் உள்ளே நடந்து வந்தார். ஓர்டிஸை வெளியே அனுப்பும்போது, ஞாபகமாக இருக்கட்டும் என்பதுபோல ஆட்டப் பந்தையும் அவர் கையில் கொடுத்தார். அவருக்குப் பதிலாக வந்த ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸை அனஹைம் அணியின் ஸ்காட் ஸ்பீசியோ எதிர்கொண்டார். பந்துகளைத் தட்டித் தட்டிக் காலம் கடத்திவிட்டு, ஒன்றை வேலிக்கு மேலே தூக்கினார். மூன்று ரன். கடைசியில் ஆட்டம் 6-5 எனக் கைவிட்டுப் போனது, மறுநாள் கோப்பையும்.

அந்தப் பந்தை வைத்தே பேக்கரை வருடக்கணக்கில் குத்திக்காட்டினார்கள். அது அநியாயம். தளர்ந்த பிட்சரை மாற்றியது சரியான முடிவு. வந்தவர் அடி வாங்கினார், அவ்வளவுதான்.

பேக்கர் ஆட்டம் தெரியாதவரா? 1974-ல் ஹாங்க் ஆரன் 715-வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, அடுத்து அடிக்க மட்டையோடு காத்திருந்தவர் இவர். 19 சீசன், 242 ஹோம் ரன், 1981-ல் டாட்ஜர்ஸோடு கோப்பை. ஓய்வுக்குப் பின் ஜயன்ட்ஸில் பேட்டிங் பயிற்சியாளர், 1993-ல் மேனேஜர். முதல் வருடமே 103 வெற்றி. அட்லாண்டா 104 ஜெயித்ததால் பிளே-ஆஃபுக்குக்கூடப் போக முடியவில்லை! 2003-ல் சிகாகோ கப்ஸோடு வேர்ல்ட் சீரிஸுக்கு ஐந்து அவுட் தூரத்தில் நின்று தோற்றார். பிறகு சின்சினாட்டி, வாஷிங்டன். 2017-ல் வாஷிங்டன் 97 ஆட்டம் ஜெயித்தும் அவரை வீட்டுக்கு அனுப்பியது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

2020-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கூப்பிட்டது. கேமரா வைத்து எதிரணி சைகைகளைத் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்ன குற்றத்தில் மானம் போய் நின்ற அணி. எந்த ஊருக்குப் போனாலும் கூச்சல், வசை. அந்த வீரர்களை ஆட்டத்தின் பக்கம் திருப்ப எழுபது வயதுக்காரரின் நிதானம் தேவைப்பட்டது.

2022 நவம்பர் 5, ஹூஸ்டன். மறுபடி ஆறாவது ஆட்டம், மறுபடி 3-2. பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஃப்ராம்பர் வால்டெஸ் ஆறு இன்னிங்ஸில் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஆறாவதில் யோர்டான் ஆல்வரெஸின் மூன்று ரன் ஹோம் ரன்; ஸ்கோர் 4-1. ஏழாவது தொடங்கும்போது பேக்கர் என்ன செய்தார்? பிட்சரை மாற்றினார். இருபது வருடம் திட்டு வாங்கிய அதே வேலை. நெரிஸ், அப்ரேயு, பிரஸ்லி ஆளுக்கொரு இன்னிங்ஸ் வீசினார்கள். ஒரு ரன்கூடப் போகவில்லை. அந்த பிளே-ஆஃப் முழுக்க ஹூஸ்டனின் மாற்றுப் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.83 ரன்தான் கொடுத்தார்கள். 2002-ல் இப்படி ஒரு கூட்டம் அவரிடம் இல்லை.

கடைசிப் பந்தை கைல் டக்கர் பிடித்தபோது 73 வயது பேக்கர் குனிந்து ஸ்கோர் அட்டையில் அந்த அவுட்டைக் குறித்துக்கொண்டிருந்தார். அதற்குள் உதவிப் பயிற்சியாளர்கள் மேலே விழுந்து கட்டிக்கொண்டார்கள்.