அடுத்த கூத்து எப்போது, எந்த ஊரில்?

ராக் குழுவில் கிதார் வாசிப்பவர் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால், எந்த நாட்டிலும் மூன்று கேள்விகள் தப்பாமல் வரும். புதுப் பாட்டு எப்போது? எங்கள் ஊருக்கு எப்போது? நேரில் வர முடியாதவர்களுக்குப் பதிவு உண்டா? பதில் சொல்பவருக்குப் பின்னால் ஒலிப்பதிவு நிறுவனம், முகவர், நுழைவுச்சீட்டு விற்பவர் என்று ஒரு பட்டாளமே நிற்கும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்க வேண்டிய ஆள், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார். பாட்டு, மத்தளம், சல்லரி, ஆட்டம், உடுப்பு எல்லாவற்றையும் ஒரே குழு சுமந்துகொண்டு விடிய விடிய ஆடும் கலை இங்கே கூத்துத்தான். அண்ணாவியாருக்கு முகவர் கிடையாது. ஊர்தான் முகவர், ஊர்தான் ரசிகர், ஆடுகிறவர்களும் ஊர்ப் பிள்ளைகள்தான். கூத்தின் பலம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அது எங்கே தளர்ந்திருக்கிறது என்பதே இந்த வார அலசல்.

புதுக் கூத்து எப்போது?

இசைக்குழு தன் அடுத்த தொகுப்பை அறிவிக்கும் நாளுக்கு ஈடான நாள் கூத்தில் 'சட்டம் கொடுத்தல்'. எந்தக் கூத்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முடிவாகும். அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் அவரவர் கைக்கு வரும். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். கால் பழகிய பின் சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். வயல் வேலையை ஒட்டியே இதெல்லாம் நடக்கும். பெரும்போக நெல் வீடு வந்து, கையில் நெல்லும் இரவில் ஓய்வும் சேர்ந்த பிறகுதான் களரி போடுவார்கள். ஆகவே முதல் கேள்விக்கு அண்ணாவியாரின் பதில் சுருக்கமானது: அறுவடை முடியட்டும்.

கதை புதிதாக இருக்க வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூத்துக்கு இரண்டு பாணி. வடமோடியில் பதின்மூன்றாம் போர், பதினெட்டாம் போர், இராம நாடகம். தென்மோடியில் அலங்காரரூபன் போன்ற கற்பனைக் கதைகள். பதின்மூன்றாம் போரில் அபிமன்யு சாவான் என்பது களரியைச் சுற்றி இருக்கும் குழந்தைக்கும் தெரியும். இந்த வருடத்து அபிமன்யு எப்படி வருவான் என்பதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது.

அந்த வரவைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்கிறார், மத்தளம் அதை எடுத்துப் பேசுகிறது. ஆட்டக்காரர் வீசாணம், எட்டு, பொடியடி, குத்துமிதி என்று அடியை மாற்றி மாற்றி வட்டக்களரியைச் சுற்றி வந்து தீர்மானத்தில் நிறுத்துகிறார். தலையில் முடி, இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பு. வடமோடி அரசனுக்கு இந்தப் பாரம் குறைவில்லை. இவ்வளவும் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில்தான் பாட வேண்டும். ஒரு வரியைப் பாடிவிட்டால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் பாடும் அந்த நொடிகளில் ஆட்டக்காரர் அடுத்த வரிக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். அதாவது பிற்பாட்டு இரண்டாவது நுரையீரல். பிற்பாட்டு மெலிந்த களரியில் முதல் பாட்டு எடுபடும், இரண்டாவது சமாளிக்கும், மூன்றாவதில் சுருதி இறங்கிவிடும். கைதட்டல் அரசனுக்குப் போகும், ஆனால் கூத்தைத் தாங்கியவர்கள் பக்கத்தில் நின்று பாடிய நாலைந்து பேர். ராக் குழுவில் பேஸ் கிதார்காரரை யாரும் கவனிக்காததுபோல, இவர்களையும் யாரும் கவனிப்பதில்லை.

பேராதனை போட்ட புதுவழி

கூத்தில் 'புதுசு' என்றால் என்ன என்ற வழக்கு அறுபது வருடமாக நடக்கிறது. 1956-இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தால் சிங்கள மரபரங்கைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தமிழ்க் கூத்தை எடுத்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். 1962-இல் கர்ணன் போர், 1963-இல் நொண்டி நாடகம், 1964-இல் இராவணேசன், 1968-இல் வாலி வதை என்று வரிசையாக மேடையேறின. விடிய விடிய ஆடுவது இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியது. அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு இராவணேசனை எழுதி, இராவணனாகவும் ஆடினார்.

அந்த முயற்சியை ஆட்டக் கணக்கில் பார்த்தால் வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவு, பாத்திரம் ஆழப்பட்டது. களரியில் வீரம் பேசிக்கொண்டிருந்த இராவணன், தன் முடிவு தெரிந்தும் போருக்குப் போகிற, உள்ளுக்குள் உடைந்த மனிதனாக நின்றான். பிற்பாட்டும் மத்தளமும் பாத்திரத்தின் மனநிலைக்கு ஏற்ப ஏறி இறங்கத் தொடங்கின. நகரத்துப் பார்வையாளர் கூத்தை மரியாதையோடு பார்க்கப் பழகியதும் அப்போதுதான்.

செலவு, திசை போனது. வட்டக்களரியில் நான்கு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், அடிகளும் நான்கு பக்கத்துக்கும் கணக்குப் பண்ணியவை. படச்சட்ட மேடையில் மூன்று பக்கம் அடைபட்டு முன்பக்கம் மட்டும் மிஞ்சியது. வட்டமாகப் போக வேண்டிய கால் கோடாகப் போனது. சுருக்கத்தில் இன்னொன்றும் போனது. நடுச்சாமத்தில் ஒரு கண் உறங்கி, மத்தளச் சத்தத்தில் விழித்து, கதை எங்கே நிற்கிறது என்று பக்கத்து ஆளிடம் கேட்கும் அந்த உறவு. இரண்டு மணி நேரக் கூத்தில் யாரும் உறங்க முடியாது, யாரிடமும் எதையும் கேட்கவும் முடியாது.

2000-களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழு நண்பர்களும் சீலாமுனைக் கிராமத்தாரோடு சேர்ந்து வேறு பக்கம் போனார்கள். கூத்தை ஊரிலிருந்து மேடைக்குத் தூக்காமல் ஊருக்குள்ளேயே, களரியிலேயே வைத்து மாற்றுவது அவர்கள் வழி. அதற்கு 'கூத்து மீளுருவாக்கம்' என்று பேர். பெண் பாத்திரங்களின் வாயில் வரும் பேச்சு நியாயமா, சாதியைப் பற்றி வரும் வரிகளை இன்றைக்கும் பாடலாமா என்று ஆடுகிறவர்களும் ஊராரும் சேர்ந்து பேசி, பாட்டை மாற்றினார்கள். ராக் மொழியில் சொன்னால், பாட்டை எழுதும் அறைக்குள் ரசிகர்களும் உட்கார்ந்தார்கள்.

இரண்டு வழிக்காரரும் ஒருவரை ஒருவர் விமர்சித்து எழுதியது உண்டு. என் கணக்கில் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். இராவணேசன் வெளியூர் ரசிகரின் கேள்விக்குப் பதில் சொன்னது. சீலாமுனை உள்ளூர் ரசிகரின் கேள்விக்குப் பதில் சொன்னது. வெளியூருக்கான கூத்து எவ்வளவு சிறந்தாலும், உள்ளூரில் பழக்கம் நின்றுவிட்டால் அதை ஆட அடுத்த தலைமுறையில் கால் இருக்காது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உருவான 'இன்னியம்' அணியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். விழாக்களில் மேற்கத்திய பாண்ட் வாத்தியம் போகும் இடத்தில் பறை, மத்தளம், உடுக்கு, சங்கு என்று நம்முடைய கருவிகளை அணிவகுக்க வைத்த முயற்சி அது. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து என்று தனி வடிவமே உண்டு. ஆனாலும் பறை அடிப்பவருக்குச் சபையில் கிடைத்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டதாரிகளுக்கும் துணைவேந்தருக்கும் முன்னால் பறை முதல் வரிசையில் நடந்தது எந்தப் புதுப் பாட்டுக்கும் குறையாத புதுசு.

எங்கள் ஊருக்கு எப்போது?

2023 அக்டோபரில் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இசை நிகழ்ச்சி நடத்தினார். 2024 பெப்ரவரியில் அதே முற்றவெளியில் ஹரிஹரன் பாடியபோது, கூட்டம் தடுப்புகளைத் தாண்டிப் புகுந்து நிகழ்ச்சியே குழம்பியது. நேரில் கேட்கும் இசைக்கு நம் ஊர்களில் உள்ள பசிக்கு அந்த இரவு நல்ல சான்று.

கூத்துக்கும் சுற்றுப்பயணம் உண்டு. அரங்கேற்றம் முடிந்ததும் 'வீட்டுக்கு வீடு ஆடுதல்' தொடங்கும். குழு படலைக்குப் படலை போய் ஆடும், வீட்டுக்காரர் காசோ நெல்லோ துணியோ கொடுப்பார். பேர் எடுத்த கூத்தைப் பக்கத்து ஊர்களும் கேட்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி ஊர்களை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரித்துவைத்திருக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. மண்முனைத் துறையில் உடுப்புப் பெட்டியையும் மத்தளத்தையும் படகில் ஏற்றித்தான் ஒரு காலத்தில் கரை மாற வேண்டும். கல்லடியில் 1924-இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013-இல் புதுப் பாலம் வந்தது. 2014-இல் மண்முனைக்கும் பாலம் வந்தது.

பாதை திறந்தும் கூத்துப் பயணம் கூடவில்லை. காரணங்களில் முதலாவது போர். 1990-க்குப் பிறகு இருட்டியபின் வெளியே நிற்கவே முடியாத வருடங்கள் வந்தன. 2007-இல் படுவான்கரையே இடம்பெயர்ந்தது. இடையில் 2004 டிசம்பர் கடற்கோள் எழுவான்கரையை அடித்தது. ஒரு தலைமுறைக்குப் பழக்க இரவுகள் தவறிப்போயின. இரண்டாவது காரணம் பணம். நாலைந்து பேர் கொண்ட இசைக்குழு ஒரு வேனில் வந்து, ஒலிபெருக்கியைக் கட்டி, நாலு மணி நேரம் பாடிவிட்டுப் போய்விடும். கூத்துக்கு ஆட்டக்காரர் மட்டும் இருபது பேருக்கு மேல் வேண்டும். அதன்மேல் மத்தளம், சல்லரி, பிற்பாட்டு, கொப்பி பார்ப்பவர், உடுப்புக் கட்டுபவர். கோயில் திருவிழாவில் ஓர் இரவை யாருக்குக் கொடுப்பது என்று நிர்வாகம் கணக்குப் பார்த்தால் கூத்து தோற்றுப்போகிறது.

மூன்றாவது காரணத்துக்கு நாம்தான் பொறுப்பு. அரச விழா, கலை விழா என்று கூப்பிட்டு இருபது நிமிடத்தில் 'ஒரு கூத்து' கேட்கிறோம். அந்த இருபது நிமிடத்தில் வரவும் உடுப்பும் தெரியும், கூத்து தெரியாது. பாட்டின் தொடக்க இசையை மட்டும் வாசித்துவிட்டு இறங்கச் சொன்னால் எந்த ராக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. நம் அண்ணாவியார்கள் மரியாதைக்காக ஒப்புக்கொள்கிறார்கள்.

பதிவு உண்டா?

எழுத்தில் நிறைய உண்டு. அலங்காரரூபன் நாடகத்தை வித்தியானந்தன் 1962-இல் பதிப்பித்தார். மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' ஆய்வு நூலாக வந்திருக்கிறது. ஒலியில் நாம் பின்தங்கிவிட்டோம். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இசைத்தட்டிலும் வானொலியிலும் ஏறிக் கடல் கடந்து போனது, ஏனென்றால் அது மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கும் பாட்டு. ஓர் இரவுக் கூத்து எந்தத் தட்டிலும் அடங்கவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் எடுக்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் ஆட்டக்காரரின் முதுகு பாதி நேரம் தெரியும், பிற்பாட்டு எங்கோ கேட்கும்.

இது முடியாத காரியமா? 1950-களில் அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் லாங் வாவி நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பழைய யாழை ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தரின் மண் இது. மீனின் பாட்டைப் பதிந்த ஊரில், வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒவ்வொருவரின் தாளக்கட்டையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவது பெரிய வேலை இல்லை. மத்தளத்துக்கு ஓர் ஒலிவாங்கி, பிற்பாட்டுக்கு ஓர் ஒலிவாங்கி, களரியின் இரண்டு பக்கத்திலும் கமரா. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது இந்த வேலை.

தீர்ப்பு

ஆட்டத்தில் கூத்து இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. பழக்கம் நிற்காத ஊர்களில் கால் சுத்தமாகவே விழுகிறது. பிற்பாட்டு பலவீனம், அதற்கு ஆள் சேர்த்துப் பழக்குவது உடனடித் தேவை. பயணமும் பதிவும் தேறவில்லை, அந்தத் தோல்வியில் ஆட்டக்காரருக்குப் பங்கில்லை.

கோயில் நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஓர் இரவை, அரைகுறையாக இல்லாமல் முழு இரவாக, கூத்துக்குக் கொடுங்கள். பிற்பாட்டுக்காரருக்கும் மத்தளக்காரருக்கும் இசைக்குழுவுக்குக் கொடுக்கிற மாதிரிக் கூலி பேசிக் கொடுங்கள். பிரதேச சபைகள் எந்த ஊரில் எந்த இரவு அரங்கேற்றம் என்று அறுவடைக்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு ஒட்டலாம், அதற்குச் செலவும் அதிகமில்லை.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. 'எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள்' என்று கூத்துக்காரரைக் கேட்காதீர்கள். அறுவடை முடிந்ததும் படுவான்கரையில் தெரிந்தவர் யாரிடமாவது அரங்கேற்றம் எந்த இரவு என்று விசாரித்து, பாயையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். விடியும்வரை இருங்கள்.