‘கெபாயா’: சொற்பிறப்பும் ஒலியொப்புமையின் எல்லையும்

மலாய் மொழியில் பெண்களின் மரபு மேலாடையைக் குறிக்கும் சொல் ‘கெபாயா’. முன்புறம் திறந்த, சாரோங்குடன் அணியப்பெறும் இவ்வாடையைப் புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு முன்மொழிவை ஏற்று, 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆடை பொதுவுடைமையாயிற்று, அதன் பெயரின் மூலமோ இன்னும் ஆராயத்தக்கதாகவே உள்ளது.

தமிழறிந்தோர்க்கு முதலில் நினைவில் எழுவது, சட்டையைக் குறிக்கும் ‘குப்பாயம்’ என்னும் சொல். மலையாளத்திலும் வழங்கும் இச்சொல்லைக் கெபாயாவுக்கு மூலமாகக் கொள்ள ஒலியும் பொருளும் தூண்டுகின்றன. ஆயின், தமிழ்ச் சொற்கள் மலாயில் புகுந்த முறை இதற்கு இடந்தரவில்லை. கப்பல் ‘காப்பால்’ எனவும், அப்பம் ‘ஆப்பாம்’ எனவும் வழங்குகின்றன. இரட்டித்த பகரம் வல்லொலியாகவே நிற்கிறது. பகரத்தின் மெல்லொலியாக மாறவில்லை. ஈற்று மகரமும் அப்பம், மாணிக்கம் போன்றவற்றில் கெடவில்லை. குப்பாயத்திலிருந்து கெபாயா தோன்ற இவ்விரு நெறிகளும் ஒருங்கே பிறழ வேண்டும்.

அரபு மூலம் கூறுவோர் ‘கபா’, ‘அபாயா’ என்னும் இரு சொற்களைச் சுட்டுவர். முன்னதில் இறுதி யகர அசை இல்லை. பின்னதில் முதற்ககரம் இல்லை. இரண்டையும் ஒருங்கே கொண்டிருப்பது போர்த்துக்கீசிய வடிவமான ‘கபாயா’ ஆகும். 1511 முதல் 1641 வரை மலாக்கா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. ‘கமீசா’ கெமேஜா (சட்டை) எனவும், ‘சபாத்து’ செபாத்து (காலணி) எனவும் மலாயில் நிலைபெற்றன. முதலசை அகரம் எகரம்போல் குறுகும் இம்முறையே ‘கபாயா’ கெபாயாவானதிலும் காணப்படுகிறது. எனவே, தொலைமூலம் அரபாயினும் சொல் வந்த வழி போர்த்துக்கீசியம் எனக் கொள்வதே பொருந்தும்.

ஆயினும், சொல்லின் வரலாறு ஆடையின் வரலாறு ஆகாது. 1572இல் வெளிவந்த தம் ‘லூசியாதாசு’ காப்பியத்தில் கமோயன்சு, மெலிந்தி அரசனுக்கே ‘கபாயா’வை அணிவிக்கிறார், அது ஆண்மகனின் உடை. மலாயில் அப்பெயர் பெண்ணாடைக்கு உரியதாயிற்று. பெயர் கடன் என்பதனால் தையலும் வடிவும் கடன் எனத் துணிதல் பிழையாகும். அவ்வாறே, ஒலியொப்புமை ஒன்றே கொண்டு தமிழ் மூலம் நாட்டுதலும் ஏற்புடையதன்று. மலாயில் தமிழின் பங்கை நிறுவக் கப்பலும் அப்பமும் போன்ற ஐயமற்ற சான்றுகள் உள்ளன. ஐயத்திற்குரியவற்றை அவற்றோடு சேர்த்தெண்ணுவது அச்சான்றுகளின் வலிமையையே குறைக்கும்.